போர்வைக்கு மட்டும்

எங்கள் தெருவில் யார் வீட்டில் சண்டை வந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கொஞ்சம் மிகைதான். பேக்கரிக்காரர் வீட்டுச் சண்டை எனக்கு இரண்டாவதாகத்தான் தெரியவந்தது. ஆனால் மிஷன் வீட்டுச் சண்டையை முதலில் கண்டுபிடித்தது நான்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அதுவும் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல், சமையலறை ஜன்னலில் வெங்காயம் உரித்துக்கொண்டே, ஒரு போர்வையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

தெருக்கோடியில் பெரிய ஆஸ்பத்திரி. எங்கெங்கிருந்தோ நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். படுத்திருப்பவருக்குக் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, வெள்ளை விரிப்பு உண்டு. கூட வந்தவருக்கு நாற்காலி மட்டும்தான். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று மாற்றுத்துணி ஒன்றோடு வந்தவர்கள் இரண்டு மாதம் அந்த நாற்காலியிலேயே கிடப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என் வீட்டுக்கு எதிரே மிஷன் வீடு இருக்கிறது. குளித்துக்கொள்ளலாம், ராத்திரிக்குச் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும், அழுக்குத் துணியைக் கொடுத்தால் துவைத்து, தேய்த்து, மடித்துக் கையில் தருவார்கள். காசு கிடையாது.

இந்த வேலைக்கு மிஷன்காரர்கள் கடல் தாண்டி ஆள் அனுப்புவார்கள். எப்போதும் வயதான புருஷன் பெண்டாட்டிதான். ஒன்றரை வருஷம் இருந்துவிட்டுப் போவார்கள், அப்புறம் வேறு ஜோடி வரும். எங்கள் தெருவிலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிலும் நம் மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், இந்தத் தடவை நம் மொழிக்கார ஜோடியாகவே பார்த்து அனுப்பியிருந்தார்கள். தனியாக யாரையும் எடுக்க மாட்டார்கள். வந்த பிறகும் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிந்து எங்கேயும் போகக்கூடாது, காய்கறிக் கடைக்குக்கூட. அந்தம்மா தக்காளி பொறுக்குவார், ஐயா பை பிடித்துக்கொண்டு நிற்பார். ஐயாவுக்கு முடி வெட்ட வேண்டுமென்றால் அந்தம்மா சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பழைய சினிமாப் பத்திரிகை புரட்டுவார். தெருவில் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஜோடிச்செருப்பு’. நான் வைக்கவில்லை. பரப்பியது வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

ஐயா அவர்கள் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரம், நேர் நடை. மாடிப்படி இறங்கும்போதுகூடத் திருப்பத்தில் தலையைச் சாய்த்து எதிரே வண்டி வருகிறதா என்று பார்ப்பார். அந்தம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன்; அவர் ஐயாவின் தோள் உயரம்கூட இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நாலு பேருக்குச் சமைத்துத் துவைத்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். வேறு உத்தியோகம் பார்த்ததில்லை என்று அவரே சொல்வார், என்னமோ விடுமுறையில் இருந்த மாதிரி.

மிஷன் வீட்டு வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். துணியை வாங்கி, தரம் பிரித்து, ஊறப்போட்டு, காலர் தேய்ப்பது அக்கா. மிஷினில் போட்டு ஓட்டுவதும் ஈரக்கூடையை மொட்டைமாடிக்குத் தூக்குவதும் ஐயா. காய்ந்ததும் தேய்ப்பது, மடிப்பது, யாருடையது யாருக்கு என்று கொடுப்பது மறுபடி அக்கா. போர்வைகளை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து மடிப்பார்கள். போர்வையைத் தனியாளாக மடித்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். இவர் இரண்டு முனை, அவர் இரண்டு முனை. நன்றாக உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையைக் கையில் கொடுக்க வேண்டும். அப்படி நெருங்கும்போதெல்லாம் ஐயா ஏதோ சொல்வார், அக்கா சிரிப்பார். என்ன சொல்வார் என்று கேட்க நானும் ஜன்னலை எவ்வளவோ திறந்து பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. ஐயா நெருங்கி வந்தார். அக்கா அவர் கையிலிருந்த முனையை, பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்குகிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல் வெடுக்கென்று வாங்கினார். அடுத்த போர்வையும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு, சூப் வாங்கி வந்திருந்த கிண்ணத்தைத் தேடினேன். அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவேன், அக்கா அதில் எதையாவது ஊற்றித் தருவார், மறுநாள் மறுபடியும் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டிவரும். அந்த வீட்டோடு எனக்கு இருந்த தொடர்பெல்லாம் அந்த ஒரு கிண்ணத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“கிண்ணமா?” என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“ஆமா.”

“பாவம், அதுக்கும் வயசாகுது.”

விஷயம் இதுதான். மத்தியானம் மிஷனின் மேற்பார்வைத் தம்பி வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, அவர் வயதுக்கு அளவுக்கு மீறிய பணிவு. எதைச் சொன்னாலும் “சரிங்கய்யா” என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் அவர் பெயரே சரிங்கய்யா ஆகிவிட்டது. இவர்களுடைய தவணை அடுத்த மாதத்தோடு முடிகிறது. அடுத்து வரவேண்டிய ஜோடியில் பெண்டாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன், வர முடியாது. வேறு ஜோடியும் கிடைக்கவில்லை. இவர்களும் போய்விட்டால் துவைக்கிற அறையைப் பூட்டுவதைத் தவிர வழியில்லை. “இன்னொரு வருஷம் இருக்க முடியுங்களாய்யா?” என்று கேட்டிருக்கிறார்.

“அதுக்கென்ன தம்பி, இருந்துட்டாப் போச்சு. இவளுக்கும் சந்தோஷம்தான்” என்று ஐயா சொன்னபோது, ‘இவள்’ அதே அறையில் மூன்றடி தள்ளிச் சட்டை தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், அவ்வளவுதான். சத்தமில்லை, சாடையில்லை. அதற்கப்புறம் அவரோடு பேச்சே இல்லை.

மற்ற வீடென்றால் கோபித்துக்கொண்டு ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாக இருந்து கழித்துவிடலாம். இவர்களுக்கு அதற்கும் வழியில்லை. பேசாமலே சேர்ந்து காய்கறி வாங்கினார்கள். பேசாமலே சேர்ந்து வார்டுக்குப் போய்ச் சோப்பும் துண்டும் கொடுத்துவிட்டு வந்தார்கள். சலூன் பெஞ்சில் அக்கா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று முடிவெட்டுகிறவரே வந்து சொன்னார்.

இதைவிடப் பெரிய சங்கடம் சாயங்கால ஜெபம். மிஷன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்ததும், சூப் ஊற்றுவதற்கு முன்னால், அந்த வீட்டை நடத்துகிற கணவனும் மனைவியும் ஒருவருக்காக ஒருவர் நன்றி சொல்ல வேண்டும். பொதுப்படையாகச் சொல்லக்கூடாது. அன்றைக்கு அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லித்தான் ஆண்டவருக்கு நன்றி செலுத்த வேண்டும். நேற்றையது செல்லாது. யார் ஏற்படுத்தினார்களோ, கல்யாணமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் கிண்ணத்தோடு சரியான நேரத்துக்குப் போய் நின்றேன். அக்கா கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, இன்னிக்கு என் வீட்டுக்காரர் எனக்கும் சேத்து அவரே பேசிட்டார். என் வாய்க்கு வேலை இல்லாமப் பண்ணினார். அதுக்காக உமக்கு நன்றி.”

“ஆமென்” என்றது மேஜை. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

ஐயா தொண்டையைச் செருமினார். “ஆண்டவரே, இவ இன்னிக்குத் தேய்ச்ச சட்டையெல்லாம் நல்லா விறைப்பா இருந்துச்சு. நன்றி.” அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

மறுநாள் உறைத்திருந்தது. அக்காவை முந்திக்கொண்டார். “ஆண்டவரே, இவ மத்தியானக் குழம்புல உப்பை அள்ளிப் போட்டதால நான் நிறையத் தண்ணி குடிச்சேன். தண்ணி உடம்புக்கு நல்லது. நன்றி.”

“ஆண்டவரே, இவர் விடியவிடியக் குறட்டை விட்டார். நான் முழிச்சுக் கிடந்து இங்க இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபம் பண்ண முடிஞ்சுது. நன்றி.”

மேஜையில் ஒரு லாரிக்காரர் இருந்தார். மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாக வார்டில் கிடந்தாள். வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனிதர். அன்றைக்கு அவர் தோள் லேசாகக் குலுங்கியது. எதிரே மஞ்சள் ஸ்வெட்டர்க்காரி, தன் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறென்று கூட வந்தவள், ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆண்டவரின் பெயரால் நடக்கிற சண்டையில் யார் சிரிக்க முடியும்?

மூன்றாவது நாள் மொட்டைமாடியில் அக்காவைப் பிடித்தேன். கொடிக்கு இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் ஐயா. காது கேட்காத மாதிரி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க்கா, ஒரு வருஷம்தானே? கண்ண மூடிக் கண்ணத் திறந்தா ஓடிடும்.”

“உனக்கென்ன, நீ ஜன்னல்ல நிப்ப.” கிளிப்பை வாயில் கவ்வியபடியே சொன்னார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை.

“சண்டை வருஷத்துக்கு இல்ல. எங்க வீட்டுல முப்பது வருஷம் துவைச்சேன். அதுக்குப் பேரு வீட்டு வேல. இங்க வந்தும் துவைக்கிறேன். இதுக்குப் பேரு ஊழியம். தண்ணி அதே தண்ணி, சோப்பு அதே சோப்பு. அவருக்கு இதெல்லாம் புதுசு பாரு. அங்க ஒரு கர்ச்சீப் அலசினதில்ல. இங்க ஒரு கூடையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினா, பாக்கிறவங்க எல்லாம், ஐயோ ஐயா, இந்த வயசுல நீங்க போயான்னு உருகுறாங்க. என்னைப் பாத்து எவளாவது உருகுனாளா? நீ உருகுனியா?”

“நான் எங்கக்கா…”

“நீயும்தான் அவருக்கு மட்டும் கூடையில ஒரு கை குடுப்ப. பாத்திருக்கேன்.”

ஒரு ஈரத்துண்டை எடுத்து உதறி அவரிடம் நீட்டினேன்.

“மனசு வச்சா இருந்துடுவேன். இங்க வர்றவங்க முகத்தப் பாத்தா விட்டுட்டுப் போக மனசு வரல. என்னைக் கேட்டிருந்தா சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். அவர் கேக்கல பாத்தியா? சனிக்கிழம அந்தத் தம்பி கடைசிப் பதில் வாங்க வருவார்ல, அப்ப சொல்லிடுவேன். நான் கிளம்புறேன்னு.”

“நீங்க போனா ஐயாவும் போகணுமே! ஒத்தையா இருக்க விட மாட்டாங்களே!”

“ஒத்தச் செருப்ப வச்சு என்ன பண்றதாம்?” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பெயர் அவர் காதுக்கும் போயிருக்கிறது.

அன்று மாலையே ஐயா துவைக்கிற அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். அக்கா உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சுற்றுகிற சத்தத்தில் கேட்காது என்று ஐயாவுக்கு நம்பிக்கை.

“ஏம்மா, அவ உங்கிட்ட என்ன சொன்னா?”

“நீங்களே கேக்கலாமே அண்ணா.”

“கேட்டா பதில் வந்தாத்தானே! உப்ப எடுன்னாக்கூட உப்புதான் வருது, பதில் வர்ல.” கொஞ்ச நேரம் மிஷின் கண்ணாடி வழியே துணி புரளுவதைப் பார்த்தார். “எனக்கு ஊருக்குப் போகப் பயமா இருக்கும்மா. சிரிக்காத. பஸ்ஸ விட்டு இறங்கின அன்னியிலேர்ந்து என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல. மருமக நல்லவ, என்னைச் சுத்திப் பெருக்கிட்டுப் போவா. பேரன் கேக்கிறதெல்லாம் ரிமோட்டு. இங்க பாரு, அந்த லாரிக்காரன் தினமும் வந்து, ஐயா என் சட்டை காஞ்சிருச்சான்னு கேக்கிறான். என்னைக் கேக்கிறான்! ஒரு மனுஷனுக்கு அது போதும்மா.”

“அக்காவையும் யாராவது கேட்டா அவங்களுக்கும் போதுமோ என்னமோ” என்று சொன்னேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் எங்கே கேட்டார்? மிஷின் நின்றுவிட்டதென்று உள்ளே ஓடினார்.

சனிக்கிழமை காலையில் மழை விட்டு நல்ல வெயில். மழையால் இரண்டு நாளாகத் துவைக்காமல் தங்கிப்போன துணியெல்லாம் சேர்ந்து குன்றாகக் கிடந்தது. அக்கா தேய்ப்பு மேஜைக்கு அடியிலிருந்த நாற்காலியை இழுத்து அறை நடுவே போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். இருபுறமும் கையை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

“நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க. துவைங்க.”

அத்தனை நாளில் முதல் பேச்சு.

“துவைச்சாப் போச்சு” என்றார் ஐயா.

துவைத்தார். மனிதரைக் குறை சொல்ல முடியாது. முழங்கை வரை நுரையோடு காலர் தேய்த்தார், காலரை விட்டுவிட்டுத் தன் விரலையும் தேய்த்துக்கொண்டார். கூடையை மாடிக்கு ஏற்றினார், அக்காவும் பின்னாலேயே ஏறி மாடிக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். விதி விதிதானே. மத்தியானத்துக்கு மேல் காய்ந்த துணியெல்லாம் கீழே வந்தது. ஐயா தேய்ப்புப் பெட்டியைச் சூடு பண்ணினார். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தார். நான் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன்.

ஒரு சட்டையைத் திருப்பிப்போட்டவர் நின்றார். காலருக்கு உள்பக்கத்தில் ஒரு துண்டு நூல் தொங்கியது. அடுத்த சட்டையிலும் நூல். கவுனில், கால்சட்டையில், துண்டில், எல்லாவற்றிலும்.

“என்ன தையலோ! எதப் பாத்தாலும் பிசிறு” என்று முனகினார். அக்காவின் மேஜை இழுப்பறையைத் திறந்து சின்னக் கத்தரியை எடுத்தார். பஸ்ஸை டெப்போவில் விடுமுன் துடைத்துப் பளபளக்க வைத்த மனிதர். ஒன்றுவிடாமல் நறுக், நறுக்கென்று வெட்ட ஆரம்பித்தார்.

அவை பிசிறு இல்லை. அக்கா முடிந்த நூல். லாரிக்காரர் துணிக்கு நீலம், மஞ்சள் ஸ்வெட்டர்க்காரிக்குச் சிவப்பு, இன்னொருத்தருக்குப் பச்சையில் இரண்டு முடிச்சு. ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை பத்து இருந்தாலும், அந்த நூலைப் பார்த்துத்தான் யாருடையது யாருக்கு என்று அக்கா பிரிப்பார். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம். நான் பதறி எழுந்தேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். “உக்காரு.”

“அக்கா, நூலு…”

“உக்காருன்றேன்ல.”

உட்கார்ந்தேன். ஐயா வெட்டிக்கொண்டே இருந்தார். தரையில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விழுந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. இரண்டு நாள் வலித்தது.

சாயங்காலம் சாப்பாட்டு அறைக்கு ஐயா துணிகளைச் சுமந்து வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாம் ஒரே சதுரம், ஒரே உயரம். முகத்தில் அவ்வளவு பெருமை. லாரிக்காரர் வழக்கம்போல எழுந்தார்.

“ஐயா, என் சட்டை காஞ்சிருச்சுங்களா?”

“காஞ்சு, தேய்ச்சு, மடிச்சாச்சு! எது உன்னுது, எடுத்துக்கோ.”

லாரிக்காரர் மேலே இருந்ததைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். “நீல நூலக் காணோமே ஐயா.”

“என்ன நூலு?”

மஞ்சள் ஸ்வெட்டர்க்காரி தன் பங்குக்கு ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஐயாவின் சட்டைப்பையில் இன்னும் கத்தரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

“இந்தா,” என்றார் அக்காவைப் பார்த்து. குரலே இறங்கியிருந்தது. “அந்த நூலெல்லாம் எதுக்கு?”

“எது யாருதுன்னு தெரியறதுக்கு.”

“எப்பேர்ந்து கட்டுற?”

“வந்த அன்னியிலேர்ந்து.”

ஐயா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்ன, இறங்கினார். அவ்வளவு உயரமான மனிதர் உட்கார அவ்வளவு நேரம் பிடித்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. துணியை அப்படியே விட முடியுமா? மேஜை முழுக்கப் பரப்பினோம். லாரிக்காரர் ஒவ்வொரு சட்டையாக முகர்ந்து பார்த்தார். “எல்லாத்துலயும் சோப்பு வாசனதான் வருது” என்று அழாத குறையாகச் சொன்னார். “பின்ன, டீசல் வாசன வருமா?” என்றாள் ஸ்வெட்டர்க்காரி. அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தன் அக்காவின் கவுனைப் பொத்தானை வைத்துக் கண்டுபிடித்தாள். “இந்தக் கீழ்ப் பொத்தான் நான் தைச்சது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் தைச்சேன். கை நடுங்கிக் கோணலா வந்துடுச்சு.” லாரிக்காரர் அந்தப் பொத்தானைப் பார்த்தார். “என் வீட்டுக்காரி ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்கும் கை நடுங்குச்சும்மா. அவளுக்கு இப்ப பரவால்ல. உங்க அக்காவுக்கும் சரியாயிடும்” என்றார். மூன்று வாரமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். ஒரு பெரியவர் தன் கால்சட்டை என்று எடுத்ததை இடுப்பில் வைத்துப் பார்த்தால் அவரைப்போல் இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். “ஆஸ்பத்திரிச் சாப்பாடுய்யா, இளைச்சிட்டீங்க!” என்று யாரோ கத்த, அறையே சிரித்தது. ஆளுக்காள் துணியைத் தூக்கிப் பிடித்து ஏலம் விட ஆரம்பித்துவிட்டார்கள்.

சரிங்கய்யா உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். “சரிங்கய்யா, என்னங்கய்யா இது?” என்பதற்குள் யாரோ அவர் கையில் ஒரு பெரிய உள்பாவாடையைக் கொடுத்து, “உசத்திப் பிடிங்க தம்பி” என்றார்கள். பிடித்தார். அவர் சுபாவம் அது.

ஒருவழியாக எல்லாம் அவரவரிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு சட்டை மட்டும் யாருடையதென்று கடைசிவரை தெரியவில்லை. லாரிக்காரரும் பெரியவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்துவிட்டேன், கிண்ணத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு.

வழக்கமாக அக்காதான் முதலில். அன்றைக்கு ஐயா கையை உயர்த்தினார், கண்டக்டருக்குக் காட்டுகிற மாதிரி.

“ஆண்டவரே, நான் பஸ் ஓட்டின காலத்துல காக்கிச் சட்டையக் கழட்டி ஒரு மூலையில போடுவேன். விடிஞ்சா அது ஆணியில தொங்கும், கிரீஸ் கறையெல்லாம் போயிருக்கும். எப்பிடிப் போச்சுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அதுக்காக…”

“அது செல்லாது” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. “இன்னிக்கு நடந்ததச் சொல்லணும்.”

ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆண்டவரே, இன்னிக்கு நான் நூலையெல்லாம் வெட்டிக்கிட்டிருந்தப்ப இவ நாற்காலிய விட்டு எந்திரிக்கல. எப்பவும்போல எந்திரிச்சு வந்து கத்தரிய வாங்கிச் சரிபண்ணியிருந்தா, அப்பிடி ஒண்ணு இருக்கிறதே எனக்குச் சாகிறவரைக்கும் தெரிஞ்சிருக்காது. இவ இன்னிக்குச் சும்மா உக்காந்திருந்தா. அதுக்காக உமக்கு நன்றி.”

“ஆமென்” என்றது மேஜை. லாரிக்காரர் சொன்னது மட்டும் பலமாகக் கேட்டது.

அக்கா முறை. கைக்குட்டையை எடுத்தார், மூக்கைத் துடைத்தார், கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தார்.

“ஆண்டவரே, இவர் இன்னிக்கு என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டார். நூலு எதுக்குன்னு.” அவ்வளவு சொல்லி நிறுத்தினார். “நன்றி.”

சூப் ஊற்றினார்கள். உப்பு சரியாக இருந்தது. சரிங்கய்யா இரண்டு ரொட்டி முடிகிறவரை பொறுத்துப் பார்த்தார், அதற்கு மேல் முடியவில்லை.

“ஐயா, அந்த ஒரு வருஷ விஷயம்…”

“என்னை ஏன் தம்பி கேக்கிறீங்க?” என்றார் ஐயா. ரொட்டியைத் தட்டில் வைத்தார். அக்கா பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். “ஏம்மா, இருக்கலாமா? உனக்கு எப்பிடி?”

அக்கா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்தோம். அவசரமே படவில்லை. அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அனுபவித்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான்கூட அவ்வளவு பொறுமையாக ஒரு விஷயத்துக்குக் காத்திருந்ததில்லை.

“இருக்கேன்” என்றார் கடைசியில். “ஆனா துவைக்க மாட்டேன். காலையில வார்டுக்குப் போய் அங்க இருக்கிறவங்களோட உக்காந்து பேசிட்டு வர்றேன். எனக்கு அதான் பிடிச்சிருக்கு. இவர் கூட வந்து பை பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். மத்தியானம் இவர் துவைக்கட்டும், காலர் தேய்க்கட்டும், நூலும் இவரே கட்டட்டும். நான் நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கோம்? விதிக்கு ஒண்ணும் குறையில்லையே தம்பி?”

“சரிங்கம்மா” என்றார் சரிங்கய்யா. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவருக்குச் சரியாகப் பொருந்தியது.

“எல்லாத்தையும் நானே மடிக்கணுமா?” என்றார் ஐயா. குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

அக்கா யோசித்தார்.

“போர்வைக்கு மட்டும் எந்திரிப்பேன்” என்றார்.

அடுத்த வாரம் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மொட்டைமாடியில் ஐயா கொடியிலிருந்து சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் காலரையும் திருப்பி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நூலைப் பார்த்துப் பார்த்துத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் தகராறு. ஒவ்வொன்றுக்கும் “இது என்ன கலரு?” என்று கேட்டார். அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் போர்வை வந்தது. அக்கா எழுந்தார். இவர் இரண்டு முனை, அவர் இரண்டு முனை. உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்தார்கள். முனை கை மாறும்போது ஐயா ஏதோ கேட்டார். அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

“என்ன கேட்டாராம்?” என்றார் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

“காதுல விழல” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். துவைத்த துணி எங்கள் வீட்டுக் கட்டிலிலும் மடிக்காமல் கிடந்தது. “பேப்பர வச்சுட்டு வாங்க. இந்தப் போர்வைய ஒரு பக்கம் பிடிங்க.”